சரியான பத்து மணி

இல்ல சார், மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். பேனா வேணாம், என் பையிலயே மூணு கெடக்கு. எழுதத்தான் மனசு இல்ல. ஸ்கூல்லேர்ந்து எத்தன எழுதியிருப்பேன் தெரியுமா? லேட்டா வந்தா கடிதம், முடிக்குச் சாயம் அடிச்சா கடிதம், வாத்தியார எதிர்த்துப் பேசினா முழுப் பக்கத்துக்குக் கடிதம். ஆழ்ந்து வருந்துகிறேன்னு எழுதி எழுதி கையெழுத்து அழகாச்சே தவிர, வருத்தம் ஒரு நாளும் வந்ததில்ல. எழுதலன்னா ஒரு செமஸ்டர் சஸ்பெண்டு, அவ்வளவுதானே? அதுக்குக் கடைசியில வருவோம். நான் உக்காரலாமா? தேங்க்ஸ் சார்.

அந்தப் புகார இன்னொரு தரம் படிங்களேன். பாடப் பதிவு அன்னிக்குக் காலையில, கம்ப்யூட்டர் சென்டர்ல பகுதி நேர வேல பாக்கற மாணவி தக் ஹேவோன், அனுமதி இல்லாம சர்வர் கடிகாரத்துல கை வச்சா. சரிதான், வச்சேன். நான்தான். ஆனா எனக்கு முன்னாடி அதுல கை வச்சது யாருன்னு ஒரு வரி இருக்கா? பின்பக்கமும் பாருங்க. இல்லல்ல?

அப்ப நான் சொல்றேன். நான் சென்டர்ல சேந்ததே இந்தக் குளிர்கால லீவுலதான். பிரிண்டருக்குப் பேப்பர் போடறது, வயர் சுத்தறது, அதான் வேல. சேந்த புதுசுலயே பாக்கறேன், பதிவு சர்வர்ல டைம் சர்வீஸ் செத்துக் கெடக்கு. என்னன்னு உங்களுக்குத் தெரியும் சார், ஒழுங்கு கமிட்டியில மத்தவங்களுக்குத் தெரியணும்ல. எந்தக் கடிகாரத்தையும் தன்போக்குல விட்டா ஒண்ணு முந்தி ஓடும், இல்ல நொண்டும். சர்வரும் அப்படித்தான். அதனால ஒரு சின்ன புரோகிராம் உள்ள உக்காந்துகிட்டு, நாட்டோட தலைமைக் கடிகாரத்துகிட்ட இப்ப மணி என்ன, இப்ப மணி என்னன்னு கேட்டுக் கேட்டுத் திருத்திக்கிட்டே இருக்கும். அது கெளம்பவே மாட்டேங்குது. தூக்கி விடறேன், விழுது. மறுபடி தூக்கறேன், மறுபடி விழுது. சென்டர்ல எனக்கு சீனியரான சங்ஜின் அண்ணன் சொல்றாரு, அது அப்படித்தாம்மா, நீ போய் ராம்யோன் நூடுல்ஸுக்குத் தண்ணி வை.

அப்படித்தான்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும் சார். நெட்வொர்க் வழி அடைச்சிருக்கான்னு பாத்தேன், தொறந்துதான் இருந்துச்சு. செட்டிங்ஸ்ல தப்பா ஏதாவது அடிச்சிருக்காங்களான்னு பாத்தேன், இல்ல. கடைசியில பாத்தா, எந்தக் காலத்துலயோ ஒரு கம்பெனிக்காரன் போட்டுட்டுப் போன பழைய டைம் புரோகிராம் அதே வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. புதுசு வருது, உக்கார எடம் இல்லன்னு செத்துப் போகுது. பழசாவது வேல பாக்குதான்னா அதுவும் இல்ல, அது கேக்கப் போற கடிகாரத்தோட விலாசமே இப்ப கெடயாது. வேலையும் பாக்காது, எடத்தையும் விடாது. நம்ம யூனிவர்சிட்டியில இப்படி எத்தன பேருன்னு நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சிரிக்கறீங்க.

பழச எழுப்பி வெளிய அனுப்பினேன், புதுசு ஜம்முனு ஓடிச்சு. எங்க சென்டர்ல டீம் லீடர் மான்னு ஒருத்தர், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பனியில ஐஸ் போட்ட காபி வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன் சார், அதுதான் பிரச்சனையே.

பதிவு அன்னிக்குக் காலையில போறேன். சர்வர் மணி பத்து ஆனாதான் கதவு தொறக்கும், முந்தி அமுக்கறவங்களுக்குத்தான் கிளாஸ்ல எடம். சர்வீஸ் மறுபடி நின்னு போயிருக்கு. சரி, தூக்கி விடுவோம்னா, முடியாதுங்குது. இந்தத் தடவ விழல சார், பூட்டியிருக்குன்னு சொல்லுது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? விழுறது மெஷின் பண்ற வேல. பூட்டு தானா விழாது, அதுக்கு ஒரு கை வேணும்.

நேரா டீம் லீடர்கிட்டயே போய்க் கேட்டேன். அவரு மறைக்கவே இல்ல. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, ஹேவோன், பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கடிகாரத்த ஒரு நிமிஷம் முன்னுக்குத் தள்ளி வைப்பேன். நம்ம சென்டர் பிள்ளைங்க மட்டும் தயாரா இருங்க, வேணுங்கற கிளாஸ எடுத்துக்கோங்க. சர்வீஸ் ஓடினா அது கடிகாரத்தத் திரும்ப இழுத்துடும், அதான் பூட்டி வச்சேன். வருஷம் பூரா நாயா ஒழைக்கறீங்க, சம்பளமா கொட்டுது, இதாவது செய்றேனே. ஒவ்வொரு செமஸ்டரும் வழக்கம்தான், உனக்கும்தான்.

உனக்கும்தான்! எப்படி இருக்கு பாருங்க. எனக்கு அப்பதான் வெளிச்சமாச்சு. போன வருஷம் இதே பிப்ரவரியில நான் எங்க இருந்தேன் தெரியுமா? பின்வாசல் எதிர்ல, மணிக்கு இவ்வளவுன்னு கம்ப்யூட்டர வாடகைக்குக் குடுக்கற பி.சி. பாங்ல. இந்த சுன்சியோன் ஊருல அன்னிக்குக் காலையில எந்த பி.சி. பாங்லயும் கேம் ஆடறவனுக்கு சீட் கெடைக்காது, எல்லா ஸ்கிரீன்லயும் நம்ம சர்வர் மணிதான் ஓடும். எனக்குப் பக்கத்துல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. இன்ஜேலேர்ந்து விடியக்காலை பஸ் புடிச்சு வந்திருக்கா, வீட்டுல நெட் லைன் மெதுவாம். எல்லாரும் மவுஸ் மேல விரல வச்சுக்கிட்டு மூச்ச அடக்கிட்டு இருக்கோம். ஒம்பது அம்பத்தெட்டு காட்டிக்கிட்டு இருந்த மணி படக்குனு ஒரு நிமிஷம் தாவி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பத்து காட்டிச்சு. என்னன்னு சுதாரிச்சு அமுக்கறதுக்குள்ள எடம் இல்ல, எடம் இல்ல, எடம் இல்ல. அந்தப் பொண்ணு என்னப் பாத்து, அக்கா, என் விரல்தான் மெதுவோங்குது. விரல் சார்! ஒரு வருஷமா நானும் என் விரலத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

சின்ன சலுகையா? யாரோட நிமிஷத்த எடுத்து யாருக்குச் சலுகை? சம்பளம் பத்தலன்னா நிர்வாகத்துகிட்டப் போய்ச் சண்ட போடணும், நானே கொடி புடிச்சுக்கிட்டு முன்னாடி வரேன். பஸ்ல வந்தவ பாக்கெட்ல கை விடறதா? இதயேதான் அவர்கிட்டயும் சொன்னேன். அவரு, நீ ரொம்பப் பேசற, போய் உக்காருன்னாரு.

உக்காந்தேன். அவரு வந்தாரு, கடிகாரத்தத் தள்ளினாரு, எங்க எல்லாருக்கும் கட்ட விரலத் தூக்கிக் காட்டிட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு. நான் பூட்டத் தொறந்தேன், சர்வீஸ எழுப்பினேன். அது தலைமைக் கடிகாரத்த ஒரு வார்த்த கேட்டுச்சு, மணி தன் எடத்துக்குத் திரும்பிடுச்சு. அவ்வளவுதான் நான் பண்ணின அட்டூழியம். சங்ஜின் அண்ணன், என்னடா இது கதவு தொறக்கலயேன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. அப்புறம் பத்து மணி ஆச்சு, சரியான பத்து மணி. ஊரே ஒண்ணா உள்ள விழுந்துச்சு. அண்ணன் கத்தறாரு, அடிப்பாவி, என்ன பண்ணித் தொலச்ச? மணி பாத்தேன் அண்ணான்னேன்.

என்னது? நான் முந்திக்கறதுக்காகப் பண்ணினேனா? யாரு, அண்ணன் சொன்னாரா? சார், முந்திக்கணும்னா நான் ஒண்ணுமே பண்ண வேணாமே. கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா போதும். அந்த நிமிஷத்தத் தாம்பாளத்துல வச்சுல்ல நீட்டினாங்க.

உங்ககிட்ட கிளாஸ் பட்டியல் இருக்கும்ல? வசந்த கால செமஸ்டர்ல நீங்க எடுக்கறது. வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும், அது இல்லாம எங்க டிபார்ட்மென்ட்ல பட்டம் கெடயாது. போன வருஷமும் அதுக்குத்தான் பி.சி. பாங் போனேன். தக் ஹேவோன் இருக்கான்னு பாருங்க.

தேட வேணாம் சார், இல்ல. சர்வீஸ் எழுந்துச்சான்னு உறுதி பண்ணிட்டு என் சீட்டுக்கு ஓடி வந்து அமுக்கினேன், எடம் இல்லன்னு வந்துடுச்சு. நெஜமாவே விரல் மெதுதான் போலருக்கு. ஆகஸ்டுல பட்டம் கெடயாது. பாங்யோல ஒரு கம்பெனி செப்டம்பர்ல வரச் சொல்லியிருந்தாங்க, நேத்து போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன். அம்மா அதுக்குள்ள ஆபீசுக்குப் போட்டுக்கன்னு ஒரு கோட்டு வாங்கி மாட்டி வச்சிருக்காங்க, அத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதனால உங்க சஸ்பெண்டுக்கு நான் என்னத்தச் சார் பயப்பட?

எத எடுக்கறீங்க? பட்டியல்ல என் பேரச் சேக்கவா? வேணாம். பேனாவ வச்சிடுங்க சார். எல்லாரும் வந்து கெஞ்சறாங்க, நீங்களும் ஒண்ணு ரெண்டு பேரக் கூடுதலா சேத்துப்பீங்க, எனக்கும் தெரியும். ஆனா எனக்கு முன்னாடி எடம் இல்லன்னு வாங்கினவங்க எத்தன பேரோ, அவங்க இந்த ரூமுக்குள்ள இல்லியே.

அடுத்த பிப்ரவரியில பி.சி. பாங்லேர்ந்து அமுக்கறேன், கெடச்சா உங்க கிளாஸ்ல மொத பெஞ்சு என்னோடது. நீங்க அந்த சர்வீஸ மட்டும் யாரும் பூட்டாம பாத்துக்கோங்க. வரேன் சார்.