வாளியில் ஒரு ஆண் செடி

"ஆண் எண்டு தெரிஞ்ச உடனை புடுங்கி எறியோணுமாம்."

கியூபெக்கில், விமான நிலையத்திலிருந்து வரும் டோர்வல் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த நரைத்த மனிதர் சொன்னார். விமான நிலையத் துப்புரவு உடுப்பு. பக்கத்தில் அதே உடுப்பில் ஒரு இளைஞர்.

"எதை அண்ணை?"

"கஞ்சாச் செடியை. பல்கனியிலை மூண்டு வாளியிலை வச்சனான், முதல்தரமா. ஒண்டு ஆணாப் போச்சு. அது நிண்டா மற்றதெல்லாம் விதை வச்சுப் பழுதாப் போயிடுமாம்."

"கியூபெக்கிலை வீட்டிலை வளர்க்கக் கூடாதெல்லோ. ஆரும் வந்து கண்டா?"

"ஆர் வரப்போகினம்?"

இளைஞர் மெதுவாகக் கேட்டார்.

"ஆணைப் புடுங்கியாச்சோ?"

"மனம் வரேல்லை. உள்ளுக்கை கொண்டந்து, மனிசி போய்ச் சேந்தாப் பிறகு சும்மா கிடந்த அவவின்ரை கதிரையிலை வச்சிருக்கிறன். நல்லாத்தான் வளருது."