மாட்டாமல் விட்ட கம்பி

காருக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவனுக்கு ஆட்களின் முகத்தைவிடச் செருப்புதான் அதிகம் பழக்கம், ஐயா. இருபத்திரண்டு வருடம் எனக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

என் தம்பி காரில் ஓடியது நேர்ப்பாதைப் பந்தயம். கால் மைல், வளைவே கிடையாது. கிளம்பும்போது காரின் மூக்கு தூக்க வேண்டும், எடை பின்சக்கரத்தில் போய் உட்கார வேண்டும். அவனுக்கோ நாலு பக்கமும் விறைப்பான ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தரையாக இறக்க ஆசை. பார்க்க அழகாக இருக்குமாம். ஒரு மாதம் மல்லுக்கட்டி அவனை மாற்றினேன். முன்னால் மெத்தென்ற ஸ்பிரிங், இளக்கமான ஷாக் அப்சார்பர். பின்னால் தடித்த குறுக்குக் கம்பி. பந்தயத்தன்று மட்டும் முன்பக்கக் குறுக்குக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வளைவில் கார் சாயாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கம்பிதான்.

அவனிடம் இருந்தது அந்த ஒரே கார். ஞாயிறு பந்தயம் ஓடுவான், திங்கள் அதிலேயே மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கம்பியைக் கழற்றியதும் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவேன். அதோடுதான் அவன் பந்தயம் ஓடுவான். முடிந்ததும் கம்பியை மாட்டி, ஷாக்கை இறுக்கி, நானே துணியை அவிழ்ப்பேன். துணி இருக்கும்வரை அவன் காரைச் சாலையில் ஏற்ற மாட்டான்.

அன்று அவன் ஜெயித்தான். மைக்கை நீட்டி, வண்டியை யார் செட் செய்தது என்று கேட்டார்கள்.

"ஐடியா எல்லாம் நம்மளுது. அண்ணன் நான் காட்டுற நட்டை முறுக்குவாரு. காட்டலைன்னா டீ குடிக்கப் போயிடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு காருக்கு அடியில் போனேன். நாலு போல்ட், அரை மணி நேர வேலை. கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா படுத்துக் கிடந்தேன். எழுந்து, அதைச் சாக்கில் சுற்றி வேனில் போட்டேன். துணியை அவிழ்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

"முடிஞ்சுதாண்ணா?" என்றான்.

"முடிஞ்சுது" என்றேன்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஏதாவது ஒரு வளைவில் பின்பக்கம் வெளியே இழுக்கும், யாருடைய செட்டிங் என்று அவனுக்குப் புரியும். அவ்வளவுதான் நினைத்தேன்.

அப்போது தம்பி மனைவி மறுபக்கக் கதவைத் திறந்தாள். எப்போதும் எங்களோடு வேனில் வருகிறவள்.

"நீ வேன்ல வாயேம்மா."

"வேண்டாம் மாமா. வேன்ல டீசல் நாத்தம், இப்பல்லாம் கொமட்டுது. உங்க தம்பி இன்னும் சொல்லலையா உங்ககிட்ட?"

சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கம்பியை மாட்டவில்லை என்று சொன்னால், துணியை ஏன் அவிழ்த்தாய் என்று கேட்பார்கள். அவர்கள் முன்னால் அதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் கதவை நான்தான் சாத்தினேன்.

பாலத்துக்கு முந்தின வளைவில் பின்பக்கம் வழுக்கியது. நான் வேனில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தம்பி அங்கேயே போய்விட்டான். அவள் பிழைத்தாள்; வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பூட்டின வண்டில கோளாறு இருக்காது மாமா. அவருதான் வேகமா ஓட்டினாரு" என்றாள். தலையாட்டினேன். கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அதன்பிறகு அவள் அறைக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. வாசலிலேயே நின்று நர்ஸிடம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவேன். உள்ளேயிருந்து மாமா வந்தாச்சா என்று அவள் கேட்பது காதில் விழும்.

அந்த வெட்கம் தாங்காமல்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். கம்பி சுற்றிய சாக்கு என் பட்டறை மேஜைக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையெல்லாம் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். கம்பி இல்லாததைப் பார்த்துவிட்டு, மைக்கில் அவன் சொன்னதையும் வைத்து, காரின் அமைப்பைத் தீர்மானித்தவர் இறந்தவரே என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. அது என் செட்டிங்.