தேடினால் வராத பக்கம்

எனக்கு நேரில் பேச வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நீங்கள் போனில் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் ஆதரவற்றோர் இல்லங்களின் இணையதளத்தில் இருக்கும் அத்தனை பேரில் ஒரே ஒருவருடைய தமிழ்ப் பக்கம் மட்டும் நாற்பத்தொரு நாள் ஏன் தேடலில் வரவில்லை? நீங்கள் நிர்வாகி, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சின்னதுதான். சின்னதாகச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்றுதான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் தளத்தைக் கட்டியவர் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர். ரெடிமேடாகக் கிடைக்கும் எதையும் தொடமாட்டார். ஒவ்வொரு வரியும் அவர் கைப்பட எழுதியது. அதனால் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். நான் சேர்ந்த மூன்றாம் வாரம் உங்கள் தளத்தை என்னிடம் கொடுத்தார். "பேர் ஊர் தெரியாதவங்க, சொந்தக்காரங்க யாருன்னு சொல்லத் தெரியாதவங்க, எல்லாரும் இதுல இருக்காங்க. ஒருத்தருக்கு ரெண்டு பக்கம், தமிழ் ஒண்ணு, இங்கிலீஷ் ஒண்ணு. ஆனா வீட்டுக்காரங்க யாரும் தேடி வர மாட்டேங்கிறாங்க. என்னன்னு பாரு."

பார்த்தேன். ஒரு பக்கத்தின் தலையில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் இருக்கும். தேடுபொறி அவற்றைப் படித்துத்தான் முடிவு செய்யும். இதன் மூலப் பக்கம் எது, இன்னொரு மொழிப் பக்கம் எங்கே, இதைத் தேடலில் காட்டலாமா, கூடாதா. மேஸ்திரி ஆங்கிலப் பக்கத்தை முதலில் செய்து, அதை அப்படியே நகலெடுத்துத் தமிழை நிரப்பியிருந்தார். மூலப் பக்கம் எது என்ற வரியை மாற்ற மறந்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் 'நான் வெறும் நகல், என்னை விட்டுவிடு' என்று இரண்டு வருடமாகத் தேடுபொறியிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"தமிழ்ப் பக்கம் எதுவுமே வெளியில தெரியல சார்" என்றேன்.

"என்னம்மா சொல்ற? திறந்தா நல்லாத்தானே வருது."

"திறந்தா வரும் சார். தேடினா வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கடையைக் கட்டிட்டு போர்டைச் சுவத்துப் பக்கமா திருப்பி மாட்டியிருக்கேன்" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் உங்கள் இல்லங்களில் யாரும் வராமல் இறந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று தளத்திலேயே இருக்கிறது. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் அந்த வரியைத் திருத்தினேன். இரண்டு மொழிப் பக்கங்களையும் ஒன்றுக்கொன்று கோத்துவிட்டேன். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வருகிற இரண்டு வரிச் சுருக்கத்தை ஒவ்வொருவருக்கும் கையால் எழுதினேன். முதல் மாதம் பதினொரு குடும்பங்கள் உங்கள் வாசலுக்கு வந்தன. நன்றி சொல்ல நீங்கள் போன் செய்தீர்கள். என்னால் பேச முடியவில்லை, போனை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

இனி அப்பா.

அப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறு வருடம் ஞாபகம் போக ஆரம்பித்தது. கடைசி மூன்று வருடம் எங்கள் வீடு அவருக்கு ஓடுகிற பஸ். கூடத்தில் நின்றுகொண்டு "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்பார். கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் நீளமாக மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொள்வார். என் பி.எஸ்சி. இயற்பியல் சான்றிதழையும் ஒருநாள் அப்படி மடித்து அம்மாவுக்குக் கிழித்துக் கொடுத்தார். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். நாங்களும் முதல் வருடம் சிரித்தோம்.

பிறகு அவர் தூங்குவதை விட்டுவிட்டார். அதனால் அம்மாவும் விட்டுவிட்டாள். அவர் கையையும் தன் கையையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பாள். அவர் எழுந்தால் அவளும் எழுந்தாக வேண்டும். குளிக்கவைக்கும்போது தள்ளிவிட்டு, அம்மா இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை இடுப்பு. இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் விழக்கூடாது, அவ்வளவுதானே டாக்டர்?" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "நான் முந்திக்கிட்டா இவரை யாருடி பாப்பாங்க?" என்றாள். யார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். வீட்டில் மூன்று பேர்தான்.

எனக்கு அப்பாமேல் கோபம் கிடையாது. அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. சின்ன வயதில் பள்ளிவிட்டு அவர் பஸ்ஸில்தான் வருவேன். நான் ஏறும்வரை விசில் கொடுக்கமாட்டார். "பாப்பா ஏறல, நிறுத்து" என்று டிரைவரிடம் கத்துவார். பஸ்ஸே என்னைப் பார்க்கும். எனக்கு அவமானமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அவரால் திறக்க முடியாது. "நான்தான் போடல. குளிக்கப் போறதுக்கு முன்னாடி போட்டேனா இல்லையான்னு ஞாபகமே இல்லடி. அவருக்குத்தான் ஞாபகம் போச்சுன்னா எனக்குமா போகும்?" இதை அம்மா தினமும் சொன்னாள். நான் "விடும்மா" என்பேன்.

போலீசில் புகார் கொடுத்தோம். பஸ் நிலையங்களில் படம் ஒட்டினோம். நான்காம் நாள் அம்மா கேட்டாள்: "உங்க ஆபீஸ்ல ஏதோ காணாமப் போனவங்க சைட்டு பாக்குறேன்னு சொன்னியே, அதுல இருக்காராடி?"

"பாத்தேம்மா. இல்ல."

அது பொய் இல்லை. அன்று அவர் அதில் இல்லை. அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நான் பார்த்துச் சொன்னால் அது முடிந்தது அவளுக்கு.

ஐந்தாம் நாள் அம்மா தூங்கினாள். நான் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில், வெறும் தரையில், வாய் திறந்து, கை விரித்துக் கிடந்தாள். பயந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு நிதானமாக வந்தது. அந்தத் துண்டு ஒரு கையில் மட்டும் கட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதைப் பற்றி எழுதினாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பேன்.

ஒன்பதாம் நாள் உங்கள் ஏழாவது இல்லத்திலிருந்து ஒரு பதிவு வந்தது. புதிய பதிவுகள் என் வழியாகத்தான் தளத்துக்குப் போகும். படத்தில் தலை மழித்திருந்தார்கள். இருந்தாலும் அடையாளம் தெரிந்தது. 'பெயர் தெரியவில்லை. வயது எழுபது இருக்கலாம். காகிதங்களை மடித்து விரல்களுக்கு இடையில் வைத்திருப்பார். எல்லோரையும் உள்ளே போகச் சொல்வார். மாலையானால் வாசலில் நின்று, பாப்பா ஏறல, நிறுத்து என்று கத்துகிறார்.' உங்கள் ஆட்கள் நன்றாக எழுதுகிறார்கள். யாராவது தேடினால் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்களோ அதெல்லாம் அதில் இருந்தது.

நான் அந்தப் பதிவை அழிக்கவில்லை. முறைப்படி ஏற்றினேன். சுருக்கமும் எழுதினேன்: 'காகிதங்களை மடித்து வைத்திருக்கும் பெரியவர், எங்கள் இல்லத்தில் நலமாக இருக்கிறார்.' கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டேன். நீளமாக இருந்தது. பிறகு தமிழ்ப் பக்கத்தின் தலையில் 'தேடலில் காட்டாதே' என்ற வரியைச் சேர்த்தேன். இரண்டே வார்த்தை. ஒரு வாரத்துக்கு என்றுதான் நினைத்தேன். அம்மா ஒரு வாரம் தூங்கட்டும்.

ஆங்கிலப் பக்கத்தைத் தொடவில்லை. அது முழுநேரமும் தேடலில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. உங்கள் தளத்தின் பட்டியலிலும் அவர் இருந்தார். பட்டியல் இல்லங்களின் வரிசைப்படி போகும். ஏழாவது இல்லம் கடைசி என்பதால் பதினான்காம் பக்கத்தில் இருந்தார். அந்த வரிசையைப் போட்டது நான் இல்லை.

அம்மா தினமும் காலையில் தேடினாள். ஒரு விரலால் தட்டுவாள். முதலில் 'கணவர் காணவில்லை' என்று மட்டும்தான் போட்டாள். "அப்படிப் போட்டா உலகத்துல இருக்கிற எல்லா புருஷனும் வருவாங்கம்மா" என்றேன். சிரித்தாள். ஒன்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அவர் பழக்கம் என்னவோ அதைப் போட்டுத் தேடு என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் போட்டாள்: 'பேப்பர் மடித்து விரலில் வைக்கும் பெரியவர்.' அடுத்த நாள், 'உள்ள போங்க என்று சொல்லும் பெரியவர்.' மிகச் சரியான தேடல். என் வேலையில் இவ்வளவு சரியாகத் தேடுகிறவர்களைப் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முடிவுகள் வரும். உங்கள் தளத்திலிருந்து வேறு யார் யாரோ வருவார்கள். "பாவம், இவரு யாரு பெத்த புள்ளையோ" என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடுவாள். பிறகு சாப்பிடுவாள். இடுப்பு வலி குறைந்திருந்தது. இரண்டு கிலோ எடை கூடினாள். முதல் வாரம் முடிந்தபோது இன்னும் ஒரு வாரம் என்று நினைத்தேன். அப்படியே ஐந்து முறை நினைத்தேன்.

பக்கத்தை ஏற்றிய நாற்பத்தொன்றாம் நாள் மதியம் தளத்திலிருந்து எனக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் வந்தது. 'நிலை மாற்றம்: காலமானார்.' சளி நெஞ்சில் இறங்கியிருந்தது என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். உடலை ஏழு நாள் வைத்திருப்பீர்கள் என்பது தளத்தில் நானே ஏற்றிய விதி.

ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 'தேடலில் காட்டாதே' வரியை எடுத்துவிட்டேன். அம்மா அவரைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு வைத்தேன். உடனே வந்து படிக்கும்படி தேடுபொறிக்குக் கோரிக்கை அனுப்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு வேகமாக நான் வேறு எந்தப் பக்கத்துக்கும் வேலை செய்ததில்லை. மூன்றாம் நாள் காலையில் அது முதலிடத்தில் வந்தது.

பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"பாப்பா, அப்பா கிடைச்சிட்டாருடி."

நான் போனோடு அலுவலகப் படிக்கட்டுக்கு வந்தேன்.

"மொட்டை அடிச்சு விட்டிருக்காங்க, குழந்தை மாதிரி இருக்காரு. நல்லா இருக்காராம், போட்டிருக்காங்க. நான் கிளம்பிட்டேன், பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். நீ லீவு சொல்லிட்டு வா. ஏண்டி அழற? அதான் கிடைச்சிட்டாரே."

ஒரு தவறு செய்திருந்தேன். வரியை எடுக்கும் அவசரத்தில் சுருக்கத்தை மாற்ற மறந்துவிட்டேன். இறந்த தேதி பக்கத்தின் அடியில் இருந்தது. தேடல் முடிவில் 'நலமாக இருக்கிறார்' என்றே இருந்தது. அம்மா அதையும் படத்தையும் முகவரியையும் பார்த்தாள். கீழே போகவில்லை. மேஸ்திரி மறந்ததுபோலவே நானும் ஒரு வரியை மறந்தேன். போனிலாவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எனக்குப் பேச வராது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். நாற்காலி போட்டு உட்காரவைத்தது நீங்கள். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டதும் நீங்கள். அதில் ஒரு மாற்றுச் சட்டையும், நீளமாக மடித்து ரப்பர் பேண்டு போட்ட காகிதங்களும் இருந்திருக்கும். பஸ்ஸில் வரும்போதே மடித்திருப்பாள்.

அடுத்த வாரம் அந்தச் சுருக்கத்தைத் திருத்தப்போன மேஸ்திரி, தளத்தின் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது உன் பேர்ல இருக்கேம்மா. கை தவறிடுச்சா? ஆமான்னு சொல்லு போதும், நான் பாத்துக்கிறேன்." நல்ல மனிதர். அவருடைய பழைய தவறை நான் யாரிடமும் பெரிதாக்கவில்லை என்பதால் அப்படிச் சொன்னார். என் வேலையில் கை தவறாது சார் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் உங்களுக்குச் சொன்னார்.

தளத்துக்குப் பதிவேடு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவுக்குக் கிடையாது. அதையும் எழுதிவிடுகிறேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், அம்மாவும் படிக்கலாம். தாழ்ப்பாள் விஷயத்தில் அவள் நினைப்பது சரியில்லை. தினமும் அவள் வந்து தாழிடும்வரை நான் படியில் நிற்பேன். அந்தத் திங்கட்கிழமை நான் முன்பே போய்விட்டேன் என்று நினைத்து அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன், அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் வேகமாக நடந்தேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் நிறுத்தத்தில் நின்று என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். பஸ் கிளம்பியது.

ஆகவே 'பாப்பா ஏறல' என்று அவர் உங்கள் ஆட்களிடம் சொன்னது உண்மை அல்ல. நான் ஏறிவிட்டேன். அந்த வாக்கியத்தை நீளத்துக்காக எடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது முழுக் காரணம் இல்லை. உங்கள் தளத்தில் தவறான தகவல் ஏதும் இருக்கக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன்.