இருபத்திரண்டு ஆணிகள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் படிவத்தின் தலைப்பில் எழுதியுள்ளபடியே. வயது நாற்பத்தேழு. தண்ணீர்த்தொட்டித் தெருவில் இரண்டாவது மாடி வீட்டில் கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பதினோரு வருடமாக நிர்வாக அலுவலராக இருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்து, காவல் ஆய்வாளர் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வது யாதெனில்:

எங்கள் கிடங்கில் உறைய வைத்த மீனும் பட்டாணியும் அடுக்கும் பெரிய அறை ஒன்று உண்டு. அதன் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். கதவோரச் சுவரில் இருபத்திரண்டு ஆணிகள் இருந்தன. உள்ளே போகிறவர் தன் சொந்தத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிடங்கின் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவார். வெளியே வந்ததும் தன்னுடையதை எடுத்துக்கொள்வார். தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கதவைப் பூட்டுபவரைப் பூட்டண்ணன் என்று கூப்பிடுவோம். தற்சமயம் உங்கள் காவலில் இருப்பவர் அவர்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தொப்பி தொங்கும்போதுகூட அவர் அந்தக் கதவைப் பூட்டியதில்லை.

சென்ற வருடக் கடைசியில் கிடங்கு வேறு முதலாளிக்குக் கைமாறியது. அதன் பின் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கிடங்கு முழுக்கப் புது முறைக்கு மாற வேண்டும், எது எந்த வரிசையில் மாறும், ஆட்களை எப்படிப் பழக்குவது என்று ஒரு மாற்றத் திட்டம் எழுதித் தரச் சொன்னார். என் வழக்கமான வேலையில் ஒரு துளியும் குறைக்கவில்லை. ஆறு வாரம், சமையலறை மேசையில் காய் நறுக்கிய இடத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறை கொடுக்கும்போது, "முதல் மாசத்துலயே கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாவது மாறணும்மா, வந்து பாக்குறவங்களுக்குப் புதுசா தெரியணும்" என்றார். அந்தச் சமயம் எனக்குத் திட்டம் நன்றாக வர வேண்டும் என்பதைவிட முடிந்து தொலைந்தால் போதும் என்றே இருந்தது. ஆகவே சுலபமானதையெல்லாம் முதல் கட்டத்தில் போட்டேன். கதவருகே விரல்ரேகை இயந்திரம், உள்ளே எத்தனை பேர் என்று காட்டும் திரை, சுவருக்கு வெள்ளை, ஆணிகளைப் பிடுங்குவது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடிக்கும் அவசர மணிக்கும் கதவையே மாற்ற வேண்டியிருந்ததால் அவற்றை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினேன். நடுவில் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதன் பின் நானே தவறாகப் (சுருக்கொப்பம்) பயிற்சி கொடுத்தேன். பெட்டி அடுக்குபவர் ஒருவர், ஒல்லி என்று கூப்பிடுவோம், வாய் சும்மா இருக்காது. பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு விரல்நுனி தேய்ந்திருந்தது. வைத்தால் பாதி நேரம் இயந்திரம் ஏற்காது. "விரல் வச்சாத்தான் ஆளுன்னா, அது என்னைச் சேத்துக்காத அன்னைக்கு நான் என்ன பேயாக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குறிப்பேட்டில் "ஐயங்கள் தீர்க்கப்பட்டன" என்று எழுதினேன். அதன் பின் பூட்டண்ணன் எழுந்து, "திரையில பூஜ்யம்னு காட்டினா போதுமாம்மா? உள்ள ஒரு எட்டு பாத்துட்டுப் பூட்டவா?" என்று கேட்டார். நான், "வேண்டாம்ணே, திறந்து திறந்து பாத்தா குளிர் போயிடும். திரையை நம்புங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு காலை ஷிப்டுக்காரர்கள் வேலை முடித்துக் கிளம்பினார்கள். அன்று உள்ளே போகும்போது ஒல்லியின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை, அவர் அப்படியே போய்விட்டார். திரையில் பூஜ்யம் இருந்தது. பூட்டண்ணன் திரையைப் பார்த்தார், பூட்டினார். மூன்று மணிக்கு ஒல்லியின் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்து, அவர் இன்னும் வீடு வரவில்லை என்றார். நான் என் இருக்கையில் இருந்தபடியே கணினியில் பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்றரைக்கு மறுபடியும் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல பாக்க வேண்டாம்க்கா. அவர் சைக்கிள் நிக்குதான்னு மட்டும் எட்டிப் பாருங்க" என்றார். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் நின்றது.

அதன் பின் ஓடிப்போய்க் கதவைத் திறக்கச் சொன்னேன். கதவுக்கு உட்புறம் ஒட்டினாற்போல் ஒல்லி சுருண்டு கிடந்தார். பூட்டண்ணன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது மேல்பையிலிருந்து அவருடைய நீலத்தொப்பி விழுந்தது. மாட்ட இடம் இல்லாமல் நாலாக மடித்து வைத்திருந்தார். (இவ்விடத்தில் வாக்குமூலம் அளிப்பவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.) உயிருக்கு ஆபத்து இல்லை. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "மூணு மணிக்கே எட்டிப் பாத்திருக்கலாமேக்கா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பூட்டண்ணனைக் கவனக்குறைவு என்று அழைத்துப் போனீர்கள். அதன் பின் மேலாளர் என்னிடம், "திட்டத்துல தப்பே இல்ல. பயிற்சி குடுத்தோம், அவர் கையெழுத்து இருக்கு. அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். மூன்று நாள் அதை மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய்யில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பூட்டண்ணன் கவனக்குறைவாக இருக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார். அவர் பழையபடி செய்திருந்தால் ஒல்லிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திட்டத்தின் மூன்று வரைவுகளையும் பயிற்சிக் குறிப்பேட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "பயிற்சி கொடுத்தேன்" என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "தவறாகப் பயிற்சி கொடுத்தேன்" என்று திருத்தித் தரக் கேட்டேன். சாட்சியாகச் சொல்வதற்கும் இப்படித் தவறை ஏற்றுச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு, தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியும் என்றேன். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)