சாயங்காலத்துக்குள்ள ஏரி

...பளுவாம் தம்பி, பளு. படகு பளுவா இருக்காம். நீங்களே போய் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்களேன். அந்தா, ட்ரெய்லர் மேல பளபளன்னு உக்காந்திருக்கே, அதான். அலுமினியம். அண்டாவை நீட்டி அடிச்ச மாதிரி ஒரு சாமான், அவ்ளோதான். இதை இழுக்க முடியாம ஒரு காரு மூச்சு வாங்குதுன்னா தப்பு யாரு மேல, படகு மேலயா? நீங்க சொல்ல மாட்டீங்க. பஞ்சர் ஒட்ட வந்து உக்காந்தவரு, உங்களுக்கு ஏன் எங்க வம்பு. பேப்பரைப் படிங்க, படிங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

அங்க மெக்கானிக் பக்கத்துல குனிஞ்சு நிக்கறாரு பாருங்க, வெள்ளைச் சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரர். ஊர்ல மாஸ்டர்னு சொன்னாத்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அதான் கார் கூரை மேல அந்தப் பலகை. 'கற்பவர், தள்ளி வரவும்'. அந்தப் பலகையோடயே படகை இழுத்துட்டு வந்தோம். கழட்டுங்கன்னா கேட்டாத்தானே. கழட்டினா மறுபடி மாட்ட நேரமாகுமாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். படகு எனக்கு. ஆமா, அவருக்கு இல்ல, எனக்கு. ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? எங்க நாத்தனாரும் இப்படித்தான் பாத்தா. "அண்ணி, இந்த வயசுல உங்களுக்குப் படகு கேக்குதா"ன்னா. வேற எந்த வயசுல கேக்கணும்? கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா எங்கப்பா தோலை உரிச்சிருப்பாரு.

நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. என்னைப் பாத்து சந்தோஷப்படற ஜனம் கிடையாது தம்பி. நான் ஊசியைக் கையில எடுத்தாலே எதிர்ல இருக்கறவங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கறாங்க. நாள் பூரா திரும்பின மூஞ்சியாவே பாக்கறேன். அதனாலதான் லீவு நாள்ல தூண்டிலைத் தூக்கிட்டு ஏரிக்கரைக்குப் போயிடுவேன். மீன் நம்மளைப் பாத்து மூஞ்சி திருப்புதா இல்லையான்னு தண்ணிக்கு மேல தெரியாதில்ல? ஆனா கரையில என்ன கிடைக்கும்? விரல் நீளத்துக்கு ஒண்ணு. பெருசெல்லாம் நடு ஏரியில. படகு வச்சிருக்கறவன் நடுவுல போய் ஜம்முனு உக்காந்து இழுக்கறான், நான் கரையில இருந்து கொசுவை விரட்டிட்டு அவனைப் பாத்துட்டிருக்கேன். எத்தனை வருஷம் பாக்கறது? எனக்கு நடு ஏரிக்குப் போகணும் தம்பி. அவ்ளோதான் ஆசை. வைரத்தோடா கேட்டேன்?

அப்பத்தான் பல் டாக்டர் ஒருத்தரு விக்கறாருன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாத்தா... அய்யோ, அவரு படகை வச்சிருந்த அழகு! மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சு வச்சிருக்காரு. தொழில் புத்தி போகுமா. விரலை மடக்கித் தட்டினேன், 'டங்'குனுச்சு. அந்தச் சத்தத்துலயே நான் விழுந்துட்டேன். விலை கூடப் பேசல. எங்க வீட்டுக்காரர்தான் நடுவுல புகுந்து ஒரு கண்டிஷன் போட்டாரு. இன்னைக்கு எடுத்துட்டுப் போறோம், தண்ணியில விட்டுப் பாக்கறோம், சரிப்படலைன்னா சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுவோம்னு. டாக்டரும் சரின்னுட்டாரு. சாயங்காலம் வேற யாரோ படகு பாக்க வராங்களாம், அவருக்கு என்ன நஷ்டம்? ஏரியைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே இந்த மனுஷன் 'சரிப்படல, சரிப்படல'ன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. இப்ப மெக்கானிக்கு வாயில இருந்து 'பளு'ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், வண்டியைத் திருப்பிடுவாரு. அதான் எனக்குப் பேப்பர்லயும் மனசு போகல, ஒண்ணுலயும் போகல. உங்க பேப்பர்தான். நீங்க படிங்க.

காலையில இருந்தே அவருக்குச் சரியில்ல. டாக்டர் வீட்டுச் சந்து முட்டுச் சந்து. ட்ரெய்லரை மாட்டியாச்சு, இப்ப ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளிய வரணும். "தள்ளி நில்லு"ன்னாரு. நின்னேன். ஒரு கையைச் சீட்டு மேல போட்டுட்டு, அப்படி ஸ்டைலா திரும்பிப் பாத்து எடுக்கறாரு... இவரு ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகுது. அந்தப் பக்கம் திருப்பினா இந்தப் பக்கம். டாக்டர் வீட்டுப் பூந்தொட்டி காலி. சந்துல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்துட்டாங்க. அதுல ஒரு பொண்ணு இவருகிட்டயே ஓட்டக் கத்துக்கிட்டவ. "மாஸ்டர், கண்ணாடியப் பாத்து மெதுவா"ங்கறா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல தம்பி, முந்தானைய வாயில வச்சு அமுக்கிட்டேன். அமுக்கி என்ன பிரயோஜனம், தோள் குலுங்கறது தெரியாதா. கடைசில கொக்கியைக் கழட்டி, நானும் டாக்டரும் கையாலயே ட்ரெய்லரைத் தள்ளிட்டு வந்து ரோட்டுல விட்டோம். கையால, தம்பி. பளுவாம்.

அதுல இருந்து மூஞ்சி இவ்ளோ நீளம். 

ஆனா ரோட்டுல வந்தோமே, அதைக் கேளுங்க. பேப்பரை அப்புறம் படிக்கலாம், இதைக் கேளுங்க. இப்படி ஒரு மரியாதை என் ஜென்மத்துல எனக்குக் கிடைச்சதில்ல. பின்னாடி வர்ற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. லைட்டு போட்டுப் போட்டுக் காட்டறான். ஒரு லாரிக்காரர் பக்கத்துல வந்து, பாதி உடம்பை வெளிய நீட்டி, கையை ஆட்டி என்னமோ கத்தறாரு. நான் கண்ணாடிய இறக்கி, "புதுசுங்க, இன்னைக்குத்தான் வாங்கினோம்"னேன். ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, புருஷன் தோளைத் தட்டித் தட்டி நம்ம வண்டியக் காட்டறாங்க. நான் கும்பிட்டேன். எல்லாருக்கும் கையசைச்சேன். தேர்தல்ல நிக்கற மாதிரி வந்தேன்னு வச்சுக்கோங்க. நாள் பூரா திரும்பின மூஞ்சியப் பாக்கறவளுக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

பக்கத்துல இவரு என்னடான்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறாரு, மிதிக்கறாரு, வண்டி நகர மாட்டேங்குது. வேர்த்துக் கொட்டுது. "பாத்தியா, இழுக்கல. உன் தகரம் என் வண்டியக் கொன்னுடும்"ங்கறாரு. அப்புறம் ஒரு கருகல் நாத்தம். நான் யாரோ குப்பை கொளுத்தறாங்கன்னு நினைச்சேன். சக்கரத்துல புகை கிளம்பவும்தான் இங்க ஓரங்கட்டினோம்.

மெக்கானிக்கு பிரேக்கெல்லாம் கொதிக்குதுங்கறாரு. மலைப்பாதையில இறங்கி வந்தீங்களான்னு கேக்கறாரு. எங்க தம்பி மலை? நம்ம ரோடு பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. பிரேக்கை மிதிச்சுட்டே ஓட்டினீங்களான்னு அடுத்த கேள்வி. மாஸ்டருக்கு வந்ததே கோவம். "நான் எத்தனை பேருக்குக் கத்துக்குடுத்தவன் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாரு, இன்னும் முடிக்கல.

என்ன கேட்டீங்க? நானா? முன் சீட்டுலதான் உக்காந்து வந்தேன். எப்பவும் பின்னாடிதான் உக்கார விடுவாரு. முன்னாடி அந்த இடது சீட்டு அவரோட ஆபீஸு. கத்துக்க வர்றவங்க ஸ்டியரிங்கைப் பிடிப்பாங்க, இவரு இந்தப் பக்கம் உக்காந்து மிரட்டுவாரு. இன்னைக்குப் பின் சீட்டு பூரா துடுப்பு, வலை, தூண்டில், அதான் முன்னாடி ஏறினேன். "காலை மடக்கி உக்காரு, எதையும் தொடாத"ன்னாரு. அவ்ளோ தூரம் காலை மடக்கி உக்கார என் முட்டி என்ன சின்னப் பொண்ணு முட்டியா? கொஞ்ச நேரம் பாத்தேன், நீட்டிட்டேன். கீழ தோதா ஒரு மிதிகட்டை வேற இருந்துச்சு. அது மேல வச்சுக்கிட்டா முட்டிக்கு அவ்ளோ சுகமா...

தம்பி.

மாஸ்டர் பக்கம் இருக்கற அந்தக் கட்டை... புதுசா ஓட்டறவன் முட்டப் போனான்னா இவரு இந்தப் பக்கத்துல இருந்து மிதிப்பாரே...

அடக் கடவுளே. நான் பிரேக்கு மேல காலை வச்சுட்டா வந்தேன்?

இருங்க. சிரிக்காதீங்க. பேப்பருக்குப் பின்னாடி சிரிச்சா எனக்குத் தெரியாதா, பேப்பர் ஆடுது. அப்ப அந்த லாரிக்காரர்... அந்த ஸ்கூட்டர் அம்மா... நான் வேற கும்பிட்டேனே.

இப்ப என்ன பண்றது? சொல்லாம விட்டா பளுன்னு முடிவாகி, படகு டாக்டர் வீட்டுக்குப் போயிடும். சொன்னேன்னு வைங்க, சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. சந்துல நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சதுக்கு வட்டியும் முதலுமா வாங்கிடுவாரு. நாத்தனாருக்கு இன்னைக்கே போன் போயிடும். தம்பி, நீங்க போய் மெக்கானிக்குகிட்ட நைசா, பிரேக்குல ஏதாவது சிக்கியிருக்கும்னு ஒரு வார்த்தை... மாட்டீங்களா. ஏன் தலையை ஆட்டறீங்க, ஒரு சின்னப் பொய்யி. சரி விடுங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

அதோ, மெக்கானிக்கு எழுந்திரிக்கிறாரு. கையத் துடைக்கிறாரு. சொல்லப் போறாரு.

ஏங்க... ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இல்ல, இங்கயே சொல்றேன், இந்தத் தம்பி நல்லவருதான். கோவப்படக் கூடாது. காலை மடக்கச் சொன்னீங்கல்ல? நான் மடக்கல. உங்க கட்டை மேல வச்சிருந்தேன். ஆமா, வழி பூரா. ஆமாங்க, பிரேக்கு மேலதான்.

திட்டிடுங்க. 

தம்பி, பாருங்க... என்ன இவரு, டயர் மேலயே உக்காந்துட்டாரு. சிரிக்கிறாரா அழறாரா? ஏங்க, என்ன? என்ன சொல்றீங்க... என் காலா, உங்க கால் இல்லையா?

கேட்டீங்களா தம்பி. சந்துல அப்படி ஆனதுல இருந்து தனக்கு ஓட்டற கை போயிடுச்சு, கால் போயிடுச்சுன்னு நினைச்சுட்டே வந்திருக்காரு. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டு ஸ்கூலைத் திறக்கறதுன்னு நினைச்சாராம். இவ்ளோ பயத்தை வச்சுக்கிட்டு மனுஷன் பக்கத்துலயே உக்காந்து வந்திருக்காரு, நான் ரோட்டுக்கெல்லாம் கையசைச்சுட்டு வந்திருக்கேன். ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சரி, சரி, எழுந்திரிங்க, சட்டையெல்லாம் கரி.

மெக்கானிக்கு என்ன சொல்றாரு... பிரேக்கு ஆறினதும் மெதுவா எடுத்துட்டுப் போகலாமா. நல்லாயிருப்பீங்க.

யாருக்குப் போன் பண்றாரு? டாக்டருக்கா? ஏங்க, இருங்க, அவருகிட்ட என்ன சொல்லப் போறீங்க... தம்பி, உங்க வண்டி ரெடின்னு கூப்பிடறாங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க.

"டாக்டர், நான்தான் மாஸ்டர். சாயங்காலம் வர்ற ஆளை வேற படகு பாக்கச் சொல்லிடுங்க. ஆமா, உறுதியாத்தான். நான் என்ன பண்ண, படகுக்காரி குடுக்க மாட்டேங்கறா."

படகுக்காரியாம் தம்பி. என்னைத்தான்.