செத்துப்போன தடியன்

— ஏங்க, ஏரிக்கு மேல ஏதோ பறந்து போகுதே... என்னது அது?

— கொக்கா இருக்கும்.

— கொக்குக்கு நாலு விசிறியா? ஹலோ, லைன்ல இருக்கீங்களா, இல்ல நீங்களும் பறந்துட்டீங்களா?

— இருக்கேன், இருக்கேன். கன்ட்ரோல் ரூம்ல வேலையப் பாக்காம ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கறியா நீ?

— ட்ரோன் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டா வானத்து மேலயும் ஒரு கண்ணு வச்சுக்கணும். காலையில மருந்து ட்ரோன் மோட்டார் புகைஞ்சு நின்னுச்சே, அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?

— அது இது இல்ல.

— பின்ன எது?

— ...தடியன்.

— எந்தத் தடியன்?

— நம்மகிட்ட எத்தன தடியன் இருக்கான்?

— மழைக்காலத்துல ட்ரோன் ஒண்ணு ஏரிக்குள்ள விழுந்துச்சே, அவனா? செத்துட்டான்னு நீங்கதானே மொத கையெழுத்து போட்டீங்க!

— மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு, போட்டேன். மறுநாள் பாத்தா கரை ஒதுங்கி, சேத்துல மூஞ்சிய புதைச்சுக்கிட்டுக் கெடக்கறான். மனசு கேக்கல... தூக்கிட்டு வந்துட்டேன்.

— எங்க?

— மொட்டை மாடிக்கு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால.

— ஓ... அப்ப சாயங்காலம் ஆனா டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு கெளம்புவீங்களே?

— மாடிப்படி ஏறி எறங்கினேன்ல? அதுவும் நடைதான்.

— அதான் நடந்துட்டு வர்றவருக்குக் கால்ல தூசியே இல்லாம கை பூரா கிரீஸ்!

— அதை வீட்டுல வந்து திட்டும்மா. தீவு ஆஸ்பத்திரியில சர்க்கரைக்காரங்களுக்குப் போடற ஊசி மருந்து தீந்துபோச்சு. இந்தக் காத்துல படகு போகாது. வேற வழி? தடியன் வயித்துல மருந்தைக் கட்டி விட்டுட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

— கேட்டா விட்டிருப்பியா?

— மாட்டேன்.

— அதான்.

— சரி, உங்க ரிமோட் நடு ஏரி வரைக்கும்தான் எட்டும். அதுக்கப்புறம்?

— அதுக்குத்தான் போன் பண்ணேன். அதுக்கப்புறம் மேல நிக்குற சிக்னல் பலூன்தான் அவனைக் கையில வாங்கி ஓட்டணும்.

— வாங்கறதுக்கு முன்னாடி பலூன் என்ன கேக்கும்?

— யாருடா நீன்னு கேக்கும்.

— கேட்டுட்டு?

— தன்கிட்ட இருக்கிற பிளாக்செயினைப் பாக்கும், நம்ம மெஷின் பேரெல்லாம் ஏறின அந்தச் சங்கிலிப் பதிவேட்டை. எம்மா, இந்த நேரத்துல எனக்குப் பரீட்சை வைக்கிறியா?

— செத்தவன்னு அதுல இருந்தா?

— எவனோ தடியன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றான்னு நினைச்சுக்கும். பேச்சே கொடுக்காது. அவன் அப்படியே தண்ணியில எறங்கிடுவான்... மருந்தோட.

— ம்...

— அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிடேன், தங்கம்.

— தங்கமாம்! எங்க போய் அழிக்கறது? சங்கிலியில ஏறுற ஒவ்வொரு வரியும் பலூன்ல ஒண்ணு, கரையில இருக்கிற ஒவ்வொரு சிக்னல் கம்பத்துலயும் ஒண்ணு, அதுக்கும் மேல சாட்டிலைட்ல ஒண்ணு. ஏணி வச்சு ஏறட்டுமா?

— நீதானே அந்தச் சங்கிலிக்கு மகாராணி!

— மகாராணியாலயும் அழிக்க முடியாது. போன வருஷம் எவனோ பொய் ட்ரோனை நடுவுல விட்டு நம்ம மருந்துப் பெட்டியவே கிளப்பிட்டுப் போனானே, மறந்துட்டீங்களா? அதுக்கப்புறம்தான் இப்படிக் கட்டினோம். வீட்டுக்காரருக்குன்னு கொல்லைப்புறக் கதவு வச்சா திருடனும் அது வழியாதான் வருவான்.

— அப்ப திருப்பிக் கொண்டு வந்துடறேன்.

— எதிர்க்காத்துக்கு பேட்டரி தாங்குமா?

— ...தாங்காது.

— இதெல்லாம் விடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

— தப்புதான். உன்கிட்ட மறைச்சது அதைவிடத் தப்பு. வேலை போனாப் போகட்டும்மா, அங்க மருந்துக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களே... ஐயோ, நடு ஏரி வந்துட்டான். சிக்னல் விட்டு விட்டு வருது. போச்சு... போச்சு...

— கத்தாதீங்க, காது வலிக்குது.

— ரிமோட்ல இருந்து போயிட்டான்!

— ம். பலூன் கேக்குது.

— என்ன சொல்லுது?

— இருங்க... சாட்டிலைட்டையும் கேக்குது. கம்பங்களையும் கேக்குது.

— நான் கண்ணை மூடிக்கிட்டேன். விழுந்துட்டானா, சொல்லு.

— கண்ணைத் தொறங்க. வாங்கிடுச்சு. போறான் பாருங்க, மாப்பிள்ளை கணக்கா!

— நிஜமாவா? ஐயோ தடியா... என் ராசா... இரு, இரு. செத்தவனை எப்படிச் சேத்துக்கிச்சு? உன் சங்கிலி ஓட்டையா?

— என் சங்கிலியக் குறை சொன்னா இன்னைக்கு மாடியிலயே படுத்துக்கோங்க.

— பின்ன எப்படி?

— ஒரு மெஷின் செத்துப்போச்சுன்னு சங்கிலியில ஏறணும்னா எத்தன கையெழுத்து வேணும்?

— ரெண்டு. மொதல்ல மெக்கானிக், அப்புறம் நீ.

— அவன் விழுந்த அந்த வாரம் நம்ம வீட்டுல சோறே ஆக்கல. மூணு வேளையும் ரொட்டி. ஏன்னு கேட்டீங்களா?

— டாக்டர் சொன்ன பத்தியம்னு நினைச்சேன்... அதுக்கும் இதுக்கும் என்ன...

— டப்பா நிறைய அரிசி இருந்துச்சு. கைய விட்டா, அதுக்குள்ள தடியனோட சர்க்யூட் போர்டு ஈரம் காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவனை அப்படிப் பொத்தி வச்சிருக்கறப்ப, செத்துட்டான்னு நான் எப்படிங்க கையெழுத்து போடுவேன்?