பேஸ்மென்ற் மலை

“பஸ்ஸில ஆக்கள் கதைக்கிறதை எழுதவே நீ யூனிவேர்சிற்றிக்குப் போனனி?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் அந்தப் படி ஏறிய முதல் ஆள் நான். இதையும் எழுதுகிறேன்.

இலங்கையில் போர் முடிந்த மாதம் அது. புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நிறைந்த அஜின்கோர்ட் வழியாகப் போகும் பின்னேர பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் வீடு திரும்பும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“மலை இன்னும் காயேல்லையப்பா,” என்றார் கணவர். “இப்ப அசைச்சால் சுரங்கம் இடிஞ்சுபோம்.”

“கீழ பேஸ்மென்ற் முழுக்க உங்கட விளையாட்டு ரெயிலும் அதுக்கொரு மலையும். என்ர அம்மாவும் அப்பாவும் வந்தால் தண்டவாளத்திலயோ படுக்கிறது?”

“விளையாட்டெண்டு சொல்லாதையும். ரெண்டு வருசமாப் பிளான் கீறினனான். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டு வைச்சிருக்கிறன். இனிப் புல்லு ஒட்டிறதுதான் மிச்சம்.”

“முகாமில அவைக்குத் தறப்பாள் கூடாரம். இஞ்ச உங்கட புல்லுக்கு வீடு.”

“அவையைக் கூப்பிடுற ஸ்பொன்சர் சரிவந்தாலும் ஆமி முகாமால இப்போதைக்கு விடமாட்டாங்கள். அதுக்கிடையில நான் முடிச்சிடுவன்.”



“விடாட்டில் உங்களுக்கும் வசதிதான், என்ன?”

“நான் அப்பிடிச் சொன்னனானே?”

“வேற எப்பிடிச் சொல்லுறது?”

இறங்குவதற்கு மணியடித்துவிட்டு மனைவி சொன்னார்:

“நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்ல, போர்வை வாங்கத்தான் வெளிய வந்தனான். மத்தியானம் அவைக்கு வாங்கின கட்டிலைக் கொண்டுவந்த பெடியள் உங்கட மலையை மேசையோட தூக்கிக் கராஜில வைச்சிட்டாங்கள். இடிஞ்சுதோ தெரியாது. நான் பாக்கேல்ல.”